தடுப்பூசி போடுவதில் கட்சிச் சார்பு எப்படி நுழைகிறது?

கட்சிச் சார்பு ஓட்டுப் போடுவதோடு முடிவதில்லை. யார் சொன்னால் நம்புவது என்பதையும் அது தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் கொரோனா தடுப்பூசியையே பாருங்கள். 2021 செப்டம்பரில் கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு நடத்திய கருத்துக்கணிப்பில், ஜனநாயகக் கட்சியினரில் 90 சதவீதம் பேர் குறைந்தது ஒரு டோஸாவது போட்டிருந்தார்கள்; குடியரசுக் கட்சியினரில் 58 சதவீதம்தான்.

காரணம் எளிது. ஊசிக்குள் இருப்பதை நாமே சோதித்துப் பார்க்க முடியாது. புது ஊருக்குக் குடிபோனால் எந்த டாக்டரிடம் போகலாம் என்று தெரிந்தவரைக் கேட்போம் இல்லையா? அந்தத் தெரிந்தவரின் இடத்தில் கட்சித் தலைவரும் தினமும் பார்க்கும் டிவி சேனலும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் தலைவர் பேச்சும் எல்லா நேரமும் எடுபட்டுவிடாது. தடுப்பூசித் தயாரிப்பை வேகப்படுத்தும் திட்டத்தை 2020 மே மாதம் தொடங்கியதே குடியரசுக் கட்சியின் டிரம்ப் அரசுதான். ஆனால் 2021 ஆகஸ்டில் அலபாமாவின் கல்மன் நகரக் கூட்டத்தில், தான் போட்டுக்கொண்டதாகவும் மற்றவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னபோது, சொந்த ஆதரவாளர்கள் சிலரே எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். அதற்குள் ஊசி வேண்டாம் என்பதே அவர்களுக்கு ஓர் அடையாளமாகிவிட்டிருந்தது.

இது ஒரே கட்சியின் பிறவிக் குணம் என்று நினைப்பது தவறு: 2020 தேர்தலுக்கு முன், டிரம்ப் ஆட்சியில் அவசரமாக வரும் ஊசி என்று தயங்கியவர்களில் ஜனநாயகக் கட்சியினரும் நிறையப் பேர் இருந்தார்கள்.