அந்த வால்வு நிலவுக்குப் போனதா?

கேள்வி: எனக்கு 31 வயது. கப்பல் பட்டறையில் டெக்னீஷியன் வேலை. சிங்கப்பூரில், ஈசூனில் அம்மாவுடன் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே ராக்கெட் என்றால் உயிர். அமெரிக்க வியாபாரி ஒருவர், அப்போலோ 11 பயணத்தில் பறந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டின் வால்வு என்று ஒன்றை இணையத்தில் 2,400 வெள்ளிக்கு விற்கிறார். அதில் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறது. “பழைய இரும்புக்கா இவ்வளவு காசு?” என்கிறார் அம்மா. வாங்கலாமா?
— ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, அந்தக் கதையை நம்பி அந்த விலை கொடுக்காதீர்கள்.

1969 ஜூலை 16 அன்று கிளம்பிய அந்த ராக்கெட் என்ன ஆனது? முதல் இரண்டு அடுக்குகளும் அட்லாண்டிக் கடலில் விழுந்தன. மூன்றாவது, நிலவைத் தாண்டிப் போய்ச் சூரியனைச் சுற்றும் பாதையில் சேர்ந்துவிட்டது. பத்திரமாகத் திரும்பியது மூன்று வீரர்கள் உட்கார்ந்திருந்த கட்டளைக் கலம் மட்டும்தான். அது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் செலவில் ஒரு குழு 2013இல், கடலில் 4 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்த எஞ்சின் பாகங்களைத் தூக்கியது. ஒன்றில் மங்கிக் கிடந்த வரிசை எண்ணை வைத்துத்தான் அது அப்போலோ 11 உடையது என்று உறுதி செய்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் கடலடியில் கிடந்தும் அவை நாசாவின் சொத்துதான். அப்படியிருக்க, இந்த வால்வு எப்படிச் சந்தைக்கு வந்திருக்கும்?

ஆனால் வால்வே போலி என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் உதிரியாகவும் சோதனைக்காகவும் ஏராளமான பாகங்கள் செய்தார்கள். திட்டம் முடிந்ததும், நம் ஊரில் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் எடுத்துப்போவது போல, பல பாகங்கள் பழைய உலோக விலைக்குப் போயின. உங்களுடையது அப்படித் தப்பிய ஒன்றாக இருக்கலாம். பறக்காவிட்டால் என்ன? அதே கைகள் அதே கவனத்தோடு செய்த பொருள். முதல் சேகரிப்புக்கு அதுவே போதும் என்பேன், ஆனால் உதிரிப் பாகத்தின் விலையில்.

வியாபாரி காட்டும் எண் எது என்று கேளுங்கள். பாக எண் என்றால் அதே மாதிரி வால்வு எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும். உங்கள் பட்டறையிலும் அப்படித்தானே? பாக எண் இனத்தைச் சொல்லும், வரிசை எண்தான் ஆளைச் சொல்லும். வரிசை எண், பரிசோதகர் முத்திரை, கட்டியிருந்த அட்டை, இதற்கு முன் யார் யார் வைத்திருந்தார்கள் என்ற விவரம், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். “பறந்தது” என்பதற்குத் தாள் இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு ஒரு வெள்ளிகூட அதிகம் தராதீர்கள்.

இன்னொன்று, ராக்கெட் பாகம் பழையதானாலும் அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். அதை வியாபாரிதான் பார்க்க வேண்டும், பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். இங்கே 400 வெள்ளிக்கு மேல் என்பதால் அனுப்பும் செலவையும் சேர்த்து 9 விழுக்காடு பொருள் சேவை வரி வரும்.

வீட்டுக்கு வந்ததும் பளபளப்பாக்கத் தேய்த்துவிடாதீர்கள், முத்திரை மை போய்விடும். நம் ஊர் ஈரக்காற்றில் உலோகம் அரிக்கும், ரப்பர் வளையம் பிசுபிசுக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று வாங்கி அதில் வையுங்கள்.

அப்புறம், அந்த வரிசை எண்ணின் படம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள் தம்பி. பார்க்க ஆசையாக இருக்கிறது.