மகள் தாய்லாந்து மொழி படிக்கட்டும், வயல் அடகுக்குப் போக வேண்டாம்

போன வாரம் பரமக்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பதி மகளோடு வந்தார்கள். பிளஸ் டூ முடித்த பெண். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசியாயிற்று, நான்கு வருடத்துக்கு 12 லட்சம். பெண்ணோ இரண்டு வருடமாகத் தானாகவே தாய்லாந்து மொழி படித்து மூன்று நோட்டு நிரப்பி வைத்திருக்கிறாள். "தாய்மொழின்னா நாம வீட்டுல பேசுறதுதானேன்னு அவ ஆச்சி கேக்குறாங்க" என்று அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "அண்ணன் கேட்டா நான் என்ன சார் பதில் சொல்ல?"

ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். கடன் கணக்கைக் கேட்டதும் விட்டுவிட்டேன். சார், 10 சதவீதம் என்றாலும் 12 லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வட்டி மட்டுமே போகும். அதற்கு வயலை அடகு வைக்கிறீர்கள். கோடிங் பிடிக்கவில்லை என்று மகள் என் முன்னாலேயே இரண்டு தடவை சொன்னாள். அந்த வட்டியை உங்கள் அண்ணன் கட்டப்போவதில்லை. இந்த சீட் வேண்டாம்.

சரி, அந்த மொழிக்கு வருகிறேன். நான் சில வருடம் பாங்காக்கில் வேலை பார்த்தவன், அதனால் அவள் நோட்டை ஆசையாகப் புரட்டினேன். வினைச்சொல் ஆளுக்கோ காலத்துக்கோ மாறாத மொழி அது. 'கின் காவ்' என்றால் சாப்பிடுவது. பின்னால் 'லேவ்' சேர்த்தால் சாப்பிட்டாயிற்று, முன்னால் 'சா' சேர்த்தால் இனிமேல்தான். 'கின் காவ் ரூ யங்?' என்று அங்கே நலம் விசாரிப்பார்கள். நம் 'சாப்பிட்டாச்சா?'தான்! நாம் மூன்று பேர் என்கிறோமே, அதுபோல எதை எண்ணினாலும் அதற்கென்று ஒரு சொல் வேண்டும்: ஆளுக்கு 'கோன்', புத்தகத்துக்கு 'லெம்', வண்டிக்கு 'கன்'. வடமொழியும் பாலி மொழியும் அங்கேயும் போயிருப்பதால் ஆகாரம் 'ஆஹான்', பாஷை 'பாசா', நகரம் 'நகோன்'.

மரியாதை வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கும். ஆண் 'க்ரப்' என்பார், பெண் 'கா' என்பார். அந்த 'கா'வும் பதில் சொல்லும்போது குரல் இறங்கும், கேள்வி கேட்கும்போது உயர்ந்து நிற்கும். உங்கள் மகள் இதைச் சரியாகச் சொன்னாள். மூத்தவரை 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் கூப்பிடுவார்கள், கடையில் பரிமாறுபவரைக்கூட. அக்கா, தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது சுலபமாக வரும்.

கஷ்டம் ஒலியில் இருக்கிறது. குரலை ஏற்றி இறக்கினால் சொல்லின் பொருளே மாறும், அப்படித் தொனி ஐந்து. நம் நாக்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கோழிக்கும் முட்டைக்கும் தொனி ஒன்றுதான், 'க' சொல்லும்போது மூச்சை வெளியே தள்ளினால் முட்டை, தள்ளாவிட்டால் கோழி. தமிழில் எழுதினால் இரண்டும் 'கை'. அதனால்தான், அம்மா பெண்ணே, தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வதை இன்றோடு நிறுத்து. 44 மெய்யெழுத்தையும் எழுதிப் படி. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடமாட்டார்கள், முதலில் கண் தடுமாறும், பழகிவிடும்.

அப்புறம், வேலை. தாய்லாந்துக்குள் சுற்றுலா வழிகாட்டி வேலை சட்டப்படி அந்த நாட்டவருக்கு மட்டும்தான். அந்த ஆசை காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் புத்தகயா, சாரநாத், குசிநகர் என்று தாய்லாந்து யாத்திரிகர்கள் இந்தியாவுக்குக் குழுக் குழுவாக வருகிறார்கள். வயதானவர்கள் நிறைய. மாத்திரை வேண்டும், வெந்நீர் வேண்டும் என்பதை அவர்கள் மொழியிலேயே கேட்டுக்கொள்ளும் ஆள் பயண நிறுவனத்துக்கு வேண்டும். ரத்தினக்கல் வாங்கவும் விற்கவும் தாய்லாந்தின் சந்தபுரிக்கும் பாங்காக்குக்கும் போய்வரும் வியாபாரிகளுக்கும் அப்படித்தான்.

மொழி மட்டும் சோறு போடாது. பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.காம். சேரட்டும். கூடவே தாய்லாந்து ஆசிரியர் ஒருவரிடம் வாரம் இரண்டு மணி நேரம் ஆன்லைனில் பேசிப் பழகட்டும். 30 நாளில் சரளமாகப் பேசலாம் என்னும் வகுப்புகளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். பாங்காக்கில் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்குத் தீவிர மொழிப் பயிற்சி நடத்துகிறது. அதை அவள் சம்பாதித்து, தன் பணத்தில் படிக்கட்டும், இப்போது இல்லை.

முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள். கட்டாதீர்கள் சார். அண்ணன் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.