வாசகர் கேள்வி – பதில்: கடிதம் போன வீடு எது?

கேள்வி: சுவாமி விபுலாநந்தரின் அச்சேறாத கடிதங்களைத் திரட்டி அவர் வரலாற்றை எழுத முயல்கிறோம். காரைதீவிலும் கல்லடியிலும் வீடு வீடாகக் கேட்டும் ஒன்றிரண்டுதான் அகப்பட்டன. எங்கே பிழை விடுகிறோம்?
– வாசகர், காரைதீவு

பதில்: எழுதியவரின் ஊரில் தேடுகிறீர்கள். கடிதம் கிடப்பதோ வாங்கியவர் வீட்டில். சுவாமியின் பக்கத்தில் மிஞ்சக்கூடியவை பிறர் அவருக்கு எழுதியவை; அவற்றிலுள்ள பெயர்களையும் ஊர்களையும் முதலில் பட்டியலிடுங்கள். யாருக்கு அவர் பதில் எழுதியிருப்பார் என்பது அதிலேயே தெரியும்.

1892இல் காரைதீவில் பிறந்து 1947இல் கொழும்பில் மறைந்தவர் தங்கிய இடங்கள் கொஞ்சமல்ல: யாழ்ப்பாணம், மானிப்பாய், மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம், 1931இலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இமயத்து மாயாவதி, 1943இலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகம். பழந்தமிழ் யாழிசையை ஆராயும் அவருடைய 'யாழ்நூலை' 1947இல் வெளியிட்டது தஞ்சாவூரின் கரந்தைத் தமிழ்ச் சங்கம். அத்தனை சிக்கலான நூல் கடிதப் போக்குவரத்து இல்லாமல் அச்சேறியிருக்குமா? தஞ்சாவூருக்கும் எழுதிப் பாருங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "விபுலாநந்தர் கடிதம் இருக்கிறதா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "அப்பப்பா காலத்துத் தபால் கட்டு, றங்குப் பெட்டி ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். அவர் மடத்தில் சேர்ந்த 1922க்கு முந்திய கடிதத்தில் கையொப்பம் மயில்வாகனம் என்ற இயற்பெயர். பிறகு பிரபோத சைதன்யர். 1924இல்தான் விபுலாநந்தர். முந்திய பெயர்களை அறியாத வீட்டார், யாரோ ஒருவருடைய கடிதமென்று ஒதுக்கியிருப்பார்கள்.

1978 சூறாவளியும் 2004 கடற்கோளும் கரையோர வீடுகளில் விட்டுவைத்தவை சொற்பம். அதனால் கையால் பெயர்த்தெழுதிய கொப்பிகளையும் பழைய பாடசாலை மலர்களையும் விடாதீர்கள். அச்சேறாதது என்று நீங்கள் நினைக்கும் கடிதம் ஒரு மலரில் பாதியாக வந்திருக்கவும் கூடும்.

கேள்வி: கிடைத்த கடிதத்தில் ஆங்கிலத் தேதி இல்லை, 'பிரபவ, தை' என்று மட்டும் இருக்கிறது.
– வாசகி, கல்லடி

பதில்: பிரபவ 1927 சித்திரையில் பிறந்தது. தை அந்த வருடத்தின் பிற்பகுதி என்பதால் உங்கள் கடிதம் 1928 ஜனவரி நடுவுக்கும் பெப்ரவரி நடுவுக்கும் இடைப்பட்டது. தை, மாசி, பங்குனிக் கடிதங்களை ஓராண்டு முந்தியவையாகக் கணித்துவிடுவதுதான் வழமையாக நடக்கும் தவறு. வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்பும். அவர் வாழ்ந்ததோ 55 ஆண்டு. ஆகவே இரண்டில் எது என்ற குழப்பம் இல்லை.

கடித உறையை எறிந்துவிடாதீர்கள். முத்திரையில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை இருந்தால் 1937க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஐந்தாம் ஜோர்ஜ் என்றால் அவசரப்பட வேண்டாம். மேசையில் மிஞ்சிய பழைய முத்திரையை ஒட்டியிருக்கலாம்.

கேள்வி: ஈரம் ஏறி ஒட்டிக்கொண்ட தாள்களை என்ன செய்வது?
– வாசகர், கல்முனை

பதில்: உரிக்காதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். மை ஒற்றும் தாளின் மேல் பரப்பி, நிழலில் மெல்லிய காற்றுப் பட விடுங்கள். தானாக விலகாததைப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பேனா மை தண்ணீரில் கரையும். பசைநாடா மஞ்சளாகிப் பசையைத் தாளுக்குள் இறக்கும். லமினேற் பண்ணினால் மீட்பே இல்லை.

கடிதத்தை இரவல் வாங்க வேண்டாம். ஸ்கானரை அந்த வீட்டுக்கே கொண்டுபோய், நிறத்தில், 400 டிபிஐயில், இரு பக்கமும் உறையும் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஓரத்துப் பென்சில் குறிப்பு மறைந்துபோகும்.

கேள்வி: அச்சிட யாரிடம் அனுமதி வாங்குவது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தாள் வாங்கியவருக்குச் சொந்தம், வாசகத்தின் உரிமை எழுதியவருக்கு. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த உரிமை இறப்புக்குப் பின் 70 ஆண்டு. இவருக்கு 2017உடன் தீர்ந்தது. சென்னையில் அச்சிடுவதானால் கணக்கு வேறு: ஆசிரியர் உயிரோடிருக்கையில் வெளிவராத எழுத்துக்கு இந்தியச் சட்டம் முதல் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு தருகிறது. துறவி என்பதால் உரித்தாளர் யாரென்ற கேள்வியும் எழும். இராமகிருஷ்ண மிஷனிடமும் உறவினரிடமும் எழுத்தில் சம்மதம் பெற்று, கடிதம் வைத்திருப்பவரின் சம்மதத்தோடு சேர்த்து வையுங்கள்.