சீலியாக் உள்ள மகளுக்குச் செலவைக் குறைப்பது எப்படி: பதில்

மகளுக்குச் சீலியாக், அதாவது கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்; அவளுக்கென்று வாங்கும் தனி உணவின் செலவு தாங்கவில்லை, வயிற்றுவலியும் நிற்கவில்லை என்று மதுரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவளுக்காக வாங்கும் பாக்கெட் மாவையும் பிஸ்கட்டையும் முதலில் நிறுத்துங்கள். "கோதுமை இல்லாதது" என்ற ஒற்றை வரிக்கே அந்த விலை. இட்லி, இடியாப்பம், ஆப்பம், கேழ்வரகுக் களி, குதிரைவாலிச் சோறு எதிலும் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். கோதுமையை மட்டும் வாங்காதீர்கள்.

இவ்வளவு கவனித்தும் மகளின் வயிற்றுவலி நிற்கவில்லை என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் பெருங்காயத்தின் மேல்தான். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம் என்று தினமும் அது உள்ளே போகிறது, பாவம் அந்தக் குழந்தை!

இன்றே செய்யுங்கள்:

1. பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோதுமை என்று இருந்தால் தூக்கிப் போடுங்கள். சீரகம், பூண்டு தாளிப்பே போதும்.

2. மாவு மில்லில் அரைக்காதீர்கள். முன்னால் அரைத்தவரின் கோதுமை எந்திரத்திலேயே ஒட்டியிருக்கும். அரிசியைக் கழுவி, உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். கேழ்வரகும் அப்படியே.

3. சத்துமாவு, மால்ட் பானங்களில் கோதுமையோ பார்லியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

மதுரையில் தெருவுக்குத் தெரு புரோட்டாக் கடை. அதே கல்லில் வார்த்த தோசையும் இவளுக்கு ஆகாது. வெளியே சாப்பிடுவதானால் ஆவியில் வெந்த இட்லிதான், சாம்பார் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் வலி தொடர்ந்தாலோ எடை ஏறாவிட்டாலோ, குழந்தைகள் குடல்நோய் மருத்துவரிடம் காட்டி சீலியாக்குக்கான டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம்.