ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேதி: நீங்கள் கேட்டவை

கொழிஞ்சாம்பாறை வாசகர்: நிமோனியாவுக்காக அப்பாவைப் பாலக்காட்டில் சேர்த்திருக்கிறோம். ஆன்டிபயாட்டிக் ஊசி போட ஆரம்பித்த பிறகு தண்ணீராகப் போகிறது. மெடிக்கலில் பேதி நிற்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாங்க. முதலில் வார்டு நர்ஸிடம் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும்; பெரும்பாலும் மருந்து முடிந்ததும் பேதி தானாக அடங்கிவிடும். ஆனால் காலியான அந்த இடத்தில் ‘சி டிஃப்’ என்று டாக்டர்கள் சொல்லும் கிருமி பெருகி நச்சை விட ஆரம்பித்தால் கதை வேறு. கிளின்டாமைசின், செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துகளுக்குப் பிறகு, அதிலும் 65 வயது தாண்டியவர்களுக்கு, இது வர வாய்ப்பு அதிகம். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ போனால் மலப் பரிசோதனை செய்வார்கள், அதற்குள் பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை கொடுத்துக் குடலைக் கட்டிப்போட்டால் நச்சும் உள்ளேயே தங்கிவிடலாம். காய்ச்சல், வயிறு உப்பல், ரத்தம் என்றால் நடுராத்திரியானாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள், கூச்சமே வேண்டாம். அதற்காக ஊசியை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள், நிமோனியா இன்னும் போகவில்லையே.

செங்கோட்டை வாசகி: சி டிஃப் வந்தவருக்குத் துணைக்கு இருக்கிறேன். கைக்குச் சானிடைசர் போதுமா?

போதாது. சி டிஃப் தடித்த ஓடு போட்டுக்கொண்டு வித்தாகக் கிடக்கும், ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பெட்பேன் எடுத்த கையோடு இட்லிப் பொட்டலம் பிரிப்பவர்களை வார்டில் தினமும் பார்க்கிறேன்! கழிப்பறையையும் கட்டில் கம்பியையும் பிளீச் கலந்த தண்ணீரில் துடைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குமுளி வாசகர்: அம்மாவுக்குக் குணமாகி இரண்டே வாரத்தில் சி டிஃப் திரும்ப வந்துவிட்டது. மருந்து போலியா?

அப்படி இருக்க வேண்டியதில்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்பும். இதற்கு வான்கோமைசின் என்ற மருந்தை வாய்வழியாகத்தான் கொடுக்க வேண்டும், நரம்பில் ஏற்றினால் குடலுக்குப் போய்ச் சேராது. ஃபிடாக்சோமைசின் என்ற இன்னொரு மருந்தில் திரும்புவது குறைவு, விலைதான் இடிக்கும். அப்புறம், பேன்டோப்ரசோல் மாதிரி வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பேதி நின்ற பிறகு ‘கிருமி போய்விட்டதா’ என்று மறுபடி டெஸ்ட் எடுக்காதீர்கள். குணமானவருக்கும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும்.

பாறசாலை வாசகர்: இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தருவதில்லை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் வாங்கிக்கொள்ளட்டுமா?

சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான் சார். கேரளாவில் 2024-இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று கடைகளில் சோதனை போட்டதால் உங்களுக்கு இங்கே கெடுபிடியாகத் தெரிகிறது. சாதாரண சளிக்கு என்றால் சீட்டு இருந்தாலும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.