பெரியப்பாவின் கதையை எழுத வேண்டும், ஆனால் சொன்னதையே சொல்கிறார்

கேள்வி: என் பெரியப்பாவுக்கு 81 வயது. அச்சகங்களில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக வேலை பார்த்தவர். அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுத நினைத்து, உட்கார்ந்து பேசிப் பதிவு செய்துவருகிறேன். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட அதே நாலைந்து கதைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சொல்லும் வருடங்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. முதலில் வேலை பார்த்த அச்சகத்தை ஏன் விட்டு வந்தார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார். இதை வைத்து எப்படி எழுதுவது?

பதில்: பெரியப்பாவின் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். அவர் தம்பி பிள்ளையிடம் பேசிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். உங்களிடம் எதைச் சொன்னால் சிரிப்பீர்கள், எதைச் சொல்லக் கூடாது என்பது அவருக்கு எப்போதோ பழகிவிட்டது. தெரிந்தவரைப் பற்றி எழுதுபவருக்குக் கதவு சுலபமாகத் திறக்கும். ஆனால் எல்லாரையும் உட்கார வைக்கும் அதே முன்னறையில்தான் அவரையும் உட்கார வைப்பார்கள்.

பழைய கதைகளை வெட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு முறை முழுதாக, குறுக்கே பேசாமல் பதிவு செய்துவிடுங்கள். ‘நல்லா பதிவாகிடுச்சு பெரியப்பா’ என்று அவருக்கும் சொல்லுங்கள். அடுத்த முறை அதே கதைக்குப் பக்கவாட்டிலிருந்து நுழையலாம். அன்று காலை எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்? அறையில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது? முதலாளி கத்தியபோது பக்கத்தில் நின்றவர் யார், அவர் பிறகு என்ன ஆனார்? தேய்ந்த கதையில் இந்த விவரங்கள் இருக்காது. அதனால் அவர் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஏன் என்று கேட்டால் மனிதர்கள் நியாயம் சொல்லத் தொடங்குவார்கள். ‘அப்புறம் என்ன நடந்தது’ என்றால் நடந்ததைச் சொல்வார்கள்.

‘அதான் உனக்குத் தெரியுமே’ என்பார். பேட்டி எடுக்கும் உறவினர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். ‘எனக்குத் தெரியும் பெரியப்பா, படிக்கிறவங்களுக்குத் தெரியாதே’ என்று சொன்னால் போதும், மறுபடி முதலிலிருந்து சொல்வார். பதில் முடிந்ததுபோல் தெரிந்தாலும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். உறவுக்காரர்களால் மௌனத்தைத் தாங்க முடியாது, உடனே உதவிக்கு வந்துவிடுவார்கள். நீங்கள் வராதீர்கள். நல்ல விஷயம் பல சமயம் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

அடுத்த பேட்டிக்கு முன் அவர் தொழிலைக் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் நல்ல வாழ்க்கை வரலாற்றையும் வெறும் பாராட்டுரையையும் பிரிப்பது இந்த வீட்டுப்பாடம்தான். அச்செழுத்தில் எழுத்தின் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். கோத்த வரியை அவர் தலைகீழாக வாசித்துப் பழகியிருப்பார். அந்த எழுத்துகள் ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்த்தவை. இவ்வளவு தெரிந்தாலே கேள்விகள் தானாக வரும். தலைகீழாக வாசிக்க எத்தனை நாள் பிடித்தது? ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்தீர்களா, கழுவ ஏதாவது கொடுத்தார்களா? அச்சடித்து முடிந்த எழுத்தைப் பிரித்து மறுபடி எழுத்துப் பெட்டியின் அறைகளில் போடும் வேலை யார் தலையில் விழுந்தது? எழுத்துப் பெட்டியில் எந்த எழுத்து எங்கே இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கை தானாகக் காற்றில் நகரும். ஒலிப்பதிவில் கை தெரியாது, அதனால் ‘மேலே வலது ஓரமா பெரியப்பா?’ என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

பழைய புகைப்படம், சம்பளச் சீட்டு, கடிதம், ஏதாவது கருவி என்று ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு போவதும் பலன் தரும். ஒரு உட்காரலுக்கு ஒரு பொருள் போதும். ஆல்பம் முழுவதையும் விரித்தால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும்.

வருடங்கள் இடிப்பதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். இத்தாலியின் டெர்னி நகரில் 1949 மார்ச்சில், நேட்டோ ராணுவக் கூட்டணிக்கு எதிரான ஊர்வலத்தின்போது லூயிஜி த்ராஸ்துல்லி என்ற எஃகு ஆலைத் தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி என்ற வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அங்கே பேட்டி எடுத்தபோது, பலர் அந்தச் சாவை 1953-இல், ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த தெருச் சண்டையில் நடந்ததாகச் சொன்னார்கள். தேதி தப்பு. ஆனால் அவர் அந்தத் தப்பைத் தூக்கிப் போடவில்லை. வேலையைப் பறிகொடுத்ததுதான் அவர்கள் மனத்தில் பெரிய காயம், தோழரின் சாவை அதனோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று படித்தார். உங்கள் பெரியப்பா ஒரு நிகழ்ச்சியை நாலு வருடம் தள்ளிச் சொன்னால், அந்த வருடத்தில் அவர் வாழ்க்கையில் வேறு என்ன நடந்தது என்று பாருங்கள்.

அதற்காகச் சரிபார்க்காமல் விடக் கூடாது. ஒரு நோட்டில் பக்கத்தை மேலிருந்து கீழாக மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள்: அவர் சொன்னது, காகிதம் சொல்வது, மற்றவர்கள் சொல்வது. வருடத்தை நேராகக் கேட்காமல் ‘அப்ப அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிடுச்சா’, ‘எந்த வீட்டில் இருந்தீர்கள்’ என்று கேட்டால் காலம் சுலபமாகப் பிடிபடும். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நினைவுகள் முதியவர்களிடம் அதிகமாகத் தங்குவதை உளவியலாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அதனால் அவர் இளமைக்காலம் புத்தகத்தில் தானாகவே வீங்கும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே நீங்கள்தான் மெனக்கெட்டுத் தோண்ட வேண்டும். ஆப்செட் அச்சு முறையும் கணினியும் வந்து அவருடைய கைத்தொழில் மறைந்தது அந்த வயதில்தான் என்றால், புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கும்.

இனி, பேச மறுக்கும் விஷயம். அவரை மடக்கிக் கேட்கப் பார்க்காதீர்கள். மற்றவர்களிடமும் பேசுங்கள்: கூட வேலை பார்த்தவர்கள், பெரியம்மா, முடிந்தால் அவரோடு மனஸ்தாபம் உள்ள ஒருவர். தனித்தனியாகப் பேசுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகாதீர்கள், குடும்பத்துக்குள் அது ஒரே நாளில் சுற்றி வந்துவிடும். காரணம் வேறு வழியில் தெரிய வந்தால் பெரியப்பாவிடம் நேராகவே சொல்லுங்கள்: ‘இது என் காதுக்கு வந்தது. எழுத வேண்டாம் என்றால் எழுதவில்லை.’ சிலர் அதற்குப் பிறகு பேசுவார்கள். பேசாவிட்டால், ‘அந்த அச்சகத்தை விட்டதைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை’ என்று ஒரு வரி எழுத அனுமதி கேளுங்கள். அந்த வரி புத்தகத்துக்குப் போதும். இல்லாத காரணத்தை நீங்களாகக் கட்டி நிரப்பினால், அது புத்தகம் முழுவதன் நம்பகத்தையும் கெடுத்துவிடும்.

யாருக்கு எதில் உரிமை என்பதை இப்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தத்துக்குள் எதற்குக் காகிதம் என்று தோன்றும். சொந்தம் என்பதால்தான் வேண்டும் என்பேன். பதிவுகள் யாரிடம் இருக்கும், அச்சுக்கு முன் அவர் படிப்பாரா, எதை நீக்கச் சொல்லலாம் என்பவை அதில் இருக்கட்டும். அவர் அந்தரங்கத்தை நீக்கச் சொன்னால் கேள்வி கேட்காமல் நீக்குவேன். மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதை நீக்கச் சொன்னால் பேசிப் பார்ப்பேன். கடிதங்களில் கவனம் தேவை. காகிதம் பெற்றவருடையதாக இருந்தாலும், அதில் உள்ள எழுத்தின் உரிமை பொதுவாக எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். விரிவாக மேற்கோள் காட்ட அவர்களைக் கேட்டாக வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவர் மேல் குற்றம் சுமத்தும் பகுதிகளை, பெயரை மாற்றியிருந்தாலும், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

பதிவுக்கு கைபேசியே போதும், விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். முடிந்தால் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். ஒற்றை ஒலித்தடம் ஒரு மணி நேரத்துக்கு 500 எம்பி சொச்சம் வரும். தொடக்கத்தில் தேதி, இடம், இருவர் பெயரையும் சொல்லுங்கள். மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். 81 வயதுக்காரரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் சுமையைக் குறைக்கும், ஆனால் வட்டார வழக்கிலும் தொழில்சொற்களிலும் தடுமாறும். ஒலியோடு வைத்துத் திருத்தாமல் நம்பாதீர்கள்.

எழுதும்போது அவர் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். ‘மெஷின் நின்னுபோச்சு, எங்க கையும் நின்னுபோச்சு’ என்று அவர் சொன்னதை ‘இயந்திரம் நின்றது, எங்கள் கைகளும் செயலிழந்தன’ என்று திருத்தினால் ஆள் காணாமல் போய்விடுவார். ‘வந்து’, ‘என்ன சொல்றது’ போன்ற ஒட்டுகளைக் களையலாம். சொல் தேர்வையும் வரிசையையும் தொடாதீர்கள். விவரிப்பு உங்கள் நடையில் இருக்கட்டும். நீங்களும் ஒரு பாத்திரமாக உள்ளே வாருங்கள். கேட்பது தம்பி பிள்ளை என்பதை மறைத்தால், வாசகருக்கு அவர் ஏன் சில இடங்களில் தயங்குகிறார் என்பது புரியாது.

பேட்டியெல்லாம் முடியட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருக்க வேண்டாம். கையில் இருப்பதை வைத்து ஒரு அத்தியாயம் எழுதிப் பாருங்கள், பிறப்பிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. எழுத எழுத ஓட்டைகள் தெரியும், அடுத்த பேட்டிக்கான கேள்விகள் அவைதான். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே, சின்ன வயதில் கேட்ட கதைகள் மட்டுமல்லாமல் புதிதாகத் தோண்டியவற்றிலும் மீதியை உங்களால் சொல்ல முடிகிறதென்றால் பேட்டிகளை நிறுத்தலாம். அப்போது வரைவை எடுத்துப்போய் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், பதிவுக் கருவியை அணைக்காமல்.