பேஸ்பால் அணியின் வெற்றி தோல்வியில் மேனேஜரின் பாணிக்கு எவ்வளவு பங்கு உண்டு?

ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி 2022 ஜூன் தொடக்கத்தில் மேனேஜர் ஜோ ஜிரார்டியை நீக்கிவிட்டு, அவருக்குத் துணையாக இருந்த ராப் தாம்சனை அந்த இடத்தில் அமர்த்தியது. அதுவரை 22 ஆட்டங்களில் வென்று 29-இல் தோற்றிருந்த அந்த அணி, எஞ்சிய 111 ஆட்டங்களில் 65-ஐ வென்று, சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை போனது. ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள்தான், மேனேஜர் மட்டும்தான் வேறு, அப்படியானால் எல்லாம் மேனேஜரின் பாணியில்தானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் பல ஆண்டுகளாக வசிப்பவன். அந்தக் கோடையில் இங்கே யாரைக் கேட்டாலும் இதையேதான் சொன்னார்கள்: ஜிரார்டி இறுக்கமானவர், தாம்சன் நிதானமானவர், பையன்கள் மூச்சுவிட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன். பிறகு 2019-ஆம் ஆண்டு வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் கணக்கு நினைவுக்கு வந்தது. அந்த அணி முதல் 50 ஆட்டங்களில் 19-ஐ மட்டுமே வென்றிருந்தது. மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை உடனே நீக்க வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோதும், நிர்வாகம் அவரை நீக்கவில்லை. அதே மேனேஜர், அதே பாணி. எஞ்சிய 112 ஆட்டங்களில் 74 வெற்றி, முடிவில் உலகத் தொடர் கோப்பை. ஃபில்லீஸின் கதையும் நேஷனல்ஸின் கதையும் வரைபடத்தில் ஒரே மாதிரி ஏறும் கோடுகள்தான், ஆனால் ஒன்றில் ஆள் மாறினார், மற்றொன்றில் மாறவில்லை. திறமையுள்ள ஓர் அணி தன் தகுதிக்குக் கீழே 50 ஆட்டங்கள் ஆடிவிட்டால், அடுத்த 100 ஆட்டங்களில் அது மேலே வருவதே இயல்பு. அந்த நேரத்தில் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. 2003-இல் ஃப்ளோரிடா மார்லின்ஸ் அணி 16 வெற்றி, 22 தோல்வி என்று தடுமாறியபோது வந்து சேர்ந்து, அந்த ஆண்டே கோப்பையை வென்றுகொடுத்த 72 வயது ஜாக் மெக்கீனுக்கும் இந்த அதிர்ஷ்டத்தில் கொஞ்சம் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இதனால் தாம்சனை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுகிறேன் என்று கொள்ள வேண்டாம். ஜூன் மாத இறுதியில் அணியின் நட்சத்திர பேட்டர் பிரைஸ் ஹார்ப்பரின் கட்டைவிரல் முறிந்து இரண்டு மாதம் அவர் ஆட முடியாமல் போனபோதும் அணி சரியவில்லை. அதில் அவருக்கு நிச்சயம் பங்குண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் எனக்கு மாறுபாடு.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் அலுவலக நிர்வாகி அல்லர். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை மாற்றுவது, களத்தடுப்பை அமைப்பது என்று கேப்டன் செய்யும் வேலைகளை இங்கே மைதானத்தின் ஓரத்தில், டக்அவுட்டில் நின்றபடி செய்பவர் அவர். பேட்டிங் வரிசை எழுதுவது, பிட்சரை, அதாவது பந்துவீச்சாளரை, எப்போது இறக்குவது, எப்போது எடுப்பது, பன்ட் ஆடச் சொல்வதா (பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் அவுட் ஆனாலும் முன்னால் நிற்பவரை நகர்த்துவது), பேஸைத் திருட (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு) ஓடச் சொல்வதா என்பவையெல்லாம் அவர் பொறுப்பு. பாணி என்று நாம் பேசுவது பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் இவற்றின் எடை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. பேட்டிங் வரிசையை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும், வழக்கமான வரிசையோடு ஒப்பிடும்போது 162 ஆட்டங்களில் பத்துப் பதினைந்து ரன்தான் கூடும். பத்து ரன் என்பது சுமாராக ஒரு வெற்றிக்குச் சமம். ஒருவரும் அவுட் ஆகாமல் முதல் பேஸில் ஓர் ஆள் நிற்கும்போது அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.9 ரன் அளவுக்கு எதிர்பார்க்கலாம். பன்ட் ஆடி ஓர் அவுட்டைக் கொடுத்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினால், அது 0.7 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே பன்ட் பிரியரான மேனேஜர் அணிக்குக் கொஞ்சம் நட்டம் விளைவிக்கிறார், ஆனால் அந்த நட்டமும் சீசன் முழுவதற்கும் சேர்த்து ஓரிரு வெற்றிக்கு மேல் போகாது. போதாக்குறைக்கு, இன்று இந்த முடிவுகளில் பாதியை மேல்மாடியில் இருக்கும் புள்ளிவிவரக் குழு காலையிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

ஆளைப் பொறுத்தே எல்லாம் என்றால், கேசி ஸ்டெங்கலை எப்படி விளக்குவது? 1949 முதல் 1960 வரை நியூயார்க் யாங்கீஸ் அணியோடு 12 ஆண்டுகளில் 10 முறை லீக் பட்டமும் 7 முறை உலகத் தொடரும் வென்றவர் அவர். அதற்கு முன் புரூக்ளினிலும் பாஸ்டனிலும் 9 சீசன்கள் மேனேஜராக இருந்தபோது, ஒரே ஒரு சீசனில்தான் தோல்வியைவிட வெற்றி அதிகம். யாங்கீஸை விட்டு, 1962-இல் புதிதாகப் பிறந்த மெட்ஸ் அணிக்குப் போனார்; அந்த அணி 120 ஆட்டங்களில் தோற்றது. பேட்டர்களை இடக்கை, வலக்கை பார்த்து மாற்றி மாற்றி ஆடவிடும் பாணிக்காகப் பெயர் பெற்றவர் அவர். அப்படி மாற்றி ஆடவிட யாங்கீஸில் ஆட்கள் இருந்தார்கள், மெட்ஸில் இல்லை.

ஆகப் பாணிக்கு ஏற்ற ஆட்களும் மைதானமும் இருக்க வேண்டும். 1982-இல் கோப்பை வென்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அந்த சீசனில் அடித்த ஹோம் ரன்கள், கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றவை, வெறும் 67. ஆனால் 200 பேஸ்களைத் திருடியிருந்தார்கள். வேகமான செயற்கைத் தரை, பெரிய மைதானம், அதற்கேற்ற ஓட்டக்காரர்கள் என்று அமைந்த அந்த ஆட்டத்துக்கு மேனேஜர் ஒயிட்டி ஹெர்சாக்கின் பெயரையே வைத்தார்கள். பலரும் மறந்துவிடுவது, அந்த அணியைக் கட்டிய காலத்தில் ஹெர்சாக் மேனேஜராக மட்டுமல்ல, ஆட்களை வாங்கி விற்கும் ஜெனரல் மேனேஜராகவும் இருந்தார் என்பதை. களத்தடுப்பில் பேர்போன ஓஸி ஸ்மித்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். தன் பாணிக்குத் தேவையான ஆட்களைத் தானே வாங்கிக்கொள்ளும் வசதி எத்தனை மேனேஜர்களுக்கு வாய்க்கும்?

நேர் எதிர்ப்பக்கத்தில் பால்டிமோர் அணியின் மேனேஜர் ஏர்ல் வீவர். பன்ட் அவருக்குப் பிடிக்காது, மூன்று ரன் ஹோம் ரன்னுக்காகக் காத்திருப்பார், எந்த பேட்டர் எந்த பிட்சரிடம் எப்படி ஆடினார் என்பதைக் கணினி வருவதற்கு முன்பே அட்டைகளில் குறித்து வைத்திருப்பார், நடுவரோடு சண்டை போட்டு வெளியேற்றப்பட்டது மட்டும் 90 முறைக்கு மேல். ஆனால் அவர் செய்தவற்றில் எதிர்காலத்தையே மாற்றியது எது என்று கேட்டால், 1982-இல் ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள கால் ரிப்கெனை மூன்றாம் பேஸிலிருந்து, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு மாற்றியதைத்தான் சொல்வேன். அவ்வளவு உயரமானவர் அந்த இடத்துக்குச் சரிப்பட மாட்டார் என்பதே அப்போதைய பொதுக்கருத்து. ஆட்டத்தின் நடுவே எடுக்கும் எந்தச் சமயோசித முடிவும் அந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது.

இனி, மேனேஜரின் பாணி உண்மையிலேயே பெரிய அளவில் செயல்பட்டதாக நான் கருதும் ஒரு நிகழ்வுக்கு வருகிறேன். 1979-இல் ஓக்லண்ட் ஏ'ஸ் அணி 54 வெற்றி, 108 தோல்வி. அந்த ஆண்டு ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 653 பேர். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில்கூட அதைவிடக் கூட்டம் இருக்கும். 1980-இல் பில்லி மார்ட்டின் மேனேஜராக வந்தார். பெரிதாக யாரையும் வாங்கவில்லை, ஏறக்குறைய அதே ஆட்களை வைத்துக்கொண்டு 83 ஆட்டங்களை வென்றார். ஒரே ஆண்டில் 29 வெற்றி கூடுதல். 21 வயது ரிக்கி ஹெண்டர்சன் 100 பேஸ்களைத் திருடினார். வயதும் திறமையும் கூடிவந்த இளைஞர்கள் என்பதும் ஒரு காரணமே, ஆனால் 29 வெற்றியை அதை வைத்து மட்டும் விளக்கிவிட முடியாது.

எப்படிச் செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாற்று பிட்சர்கள் உட்கார்ந்திருக்கும் புல்பென்னை மார்ட்டின் நம்பவில்லை. ஆட்டத்தைத் தொடங்கியவரே முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த சீசனில் ஏ'ஸ் பிட்சர்கள் கடைசிப் பந்து வரை தாங்களே வீசி முடித்த ஆட்டங்கள் 94. அவற்றில் ரிக் லாங்ஃபோர்ட் 28, மைக் நாரிஸ் 24, மாட் கியோ 20, ஸ்டீவ் மெக்கேட்டி 11, பிரையன் கிங்மன் 10. லாங்ஃபோர்ட் தொடர்ச்சியாக 22 ஆட்டங்களை அப்படி முடித்தார். இந்த எண்களின் கனம் புரிய வேண்டுமானால், 2022, 2023, 2024 ஆகிய மூன்று சீசன்களில் எதை எடுத்தாலும் 30 அணிகளும் சேர்ந்துகூட 40-ஐத் தொடவில்லை என்பதை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அணியின் 83 வெற்றிகளில் 79 இந்த ஐவரின் பெயரில் எழுதப்பட்டவை. 1981-இல் வேலைநிறுத்தத்தால் சுருங்கிய சீசனை 11 தொடர் வெற்றிகளோடு தொடங்கி பிளேஆஃப் வரை போனார்கள். மார்ட்டின் மந்திரவாதி என்று எல்லோரும் எழுதினார்கள்.

1982-இல் 68 வெற்றி, 94 தோல்வி. மார்ட்டின் நீக்கப்பட்டார். அந்த ஐவரில் ஒருவர்கூட 1982-க்குப் பிறகு மேஜர் லீகில் ஒரு சீசனில் 10 வெற்றியைத் தொடவில்லை. 1980-இல் நாரிஸுக்கு வயது 25, கியோவுக்கு 24. ஒவ்வொருவருடைய சரிவுக்கும் வேறு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், எல்லாக் கைகளும் ஒரே காரணத்தால் கெட்டன என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஐந்து பேரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தேய்ந்துபோனதைத் தற்செயல் என்று ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. மார்ட்டின் அந்த வெற்றிகளை உண்டாக்கவில்லை, 1983, 1984, 1985-இல் வர வேண்டிய வெற்றிகளை முன்கடனாக வாங்கி 1980-இல் செலவழித்தார் என்பதே என் எண்ணம். விதைநெல்லைக் குத்திச் சமைத்த விருந்து அது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. ஆட்டத்துக்குள்ளே தெரியும் பாணியால் நல்ல மேனேஜருக்கும் சுமாரான மேனேஜருக்கும் இடையே ஓர் ஆண்டில் வரும் வேறுபாடு இரண்டு, மூன்று வெற்றிகள் அளவில்தான் இருக்கும் என்பது என் மதிப்பீடு. வேலையை யாருக்கு எவ்வளவு பகிர்ந்து கொடுக்கிறார் என்ற பாணியின் விளைவு அதைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் அது அந்த ஆண்டின் புள்ளிப் பட்டியலில் தெரியாது, சில சமயம் தலைகீழாகக்கூடத் தெரியும்.

சீசனின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் அக்டோபர் மாத ஆட்டங்களை வைத்து மட்டும் மேனேஜர்களை எடைபோடாதீர்கள். 2003-இல் அமெரிக்கன் லீக் பட்டத்துக்கான தொடரில் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் 5-2 என்று முன்னிலையில் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன் போன பிறகு, 115 பந்துகள் வீசிவிட்ட பெட்ரோ மார்ட்டினெஸிடம் மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்துபோய்ப் பேசினார். பேசிவிட்டு அவரை அங்கேயே விட்டுத் திரும்பினார். ஆட்டம் சமனாகி, 11-ஆவது இன்னிங்ஸில் தோற்றார்கள். லிட்டிலின் வேலை போயிற்று. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே மேனேஜர் கெவின் கேஷ் நேர் எதிராகச் செய்தார். பிளேக் ஸ்னெல் 73 பந்துகளே வீசியிருந்தார், 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார், கொடுத்திருந்தது இரண்டே ஹிட். ஆறாவது இன்னிங்ஸில், 1-0 முன்னிலையில், அவரை எடுத்துவிட்டார். கேஷ் டக்அவுட்டிலிருந்து வருவதைக் கண்டதும் ஸ்னெலின் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து ஆட வந்த மூக்கி பெட்ஸ் அன்று ஸ்னெலிடம் இரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தவர். புதிய பிட்சரிடம் ஒரே அடியில் இரண்டாம் பேஸ் வரை போனார். டாட்ஜர்ஸ் 3-1 என்று வென்றது. ஒருவரை ஏன் எடுக்கவில்லை என்று ஏசினோம், மற்றவரை ஏன் எடுத்தீர் என்று ஏசினோம். ஒரே பேட்டர் மூன்றாம் முறை ஆட வரும்போது பிட்சருக்கு ஆபத்து கூடும் என்ற கணக்கைத்தான் கேஷ் பின்பற்றினார். 60 ஆட்டங்கள் மட்டுமே கொண்ட அந்தக் கொரோனா சீசனில் 40 வெற்றிகளை அணிக்குத் தந்ததும் அதே முறைதான்.

ஃபிலடெல்ஃபியா மைதானத்தில் புல்பென்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, வலது மையத் திடலுக்குப் பின்னால் இருக்கின்றன. ஆஷ்பர்ன் ஆலி என்ற நடைபாதையிலிருந்து எட்டிப் பார்க்கலாம். நான் ஸ்கோர் அட்டையும் பென்சிலுமாக அங்கே நிற்பது வழக்கம். ஒரு நாள் மாலை, வெளியூர் அணியின் மாற்று பிட்சர் ஒருவர் ஆறாவது இன்னிங்ஸில் எழுந்து இருபது பந்துகளாவது வேகமாக வீசித் தயாரானார். டக்அவுட்டிலிருந்து தொலைபேசி மணி அடித்ததும் உட்கார்ந்துவிட்டார். எட்டாவது இன்னிங்ஸில் மறுபடி எழுந்தார், மறுபடி வீசினார், மறுபடி உட்கார்ந்தார். ஆட்டம் அவர் இல்லாமலே முடிந்தது. அதைக் குறிக்க என் அட்டையில் கட்டம் இல்லை. மறுநாள் ஏழாவது இன்னிங்ஸில் அவரை இறக்கினார்கள். மூன்று நாள் முழு ஓய்வுக்குப் பிறகு வருகிறார் என்று தொலைக்காட்சி வர்ணனையாளர் சொன்னார்.